கைபேசிச் செயலியில் ஆங்கிலச் சொற்கள் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆங்கில ஆசிரியை. படித்த சொல் மறுவாரமே மறந்துபோகிறது என்று வருந்தும் மாணவர்களும், பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுக்கத் தயங்கும் பெற்றோரும், வகுப்பில் செயலியைப் பயன்படுத்த நினைக்கும் சக ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். மாணவர்கள் தாங்கள் சொல் பழகும் அட்டைகளில் அப்படி எழுதக் கூடாது. ஏன் என்பது கீழே ஒரு கேள்வியில் வருகிறது.

செயலியில் படித்த சொல் மனத்தில் நிற்குமா?

நிற்கும். ஆனால் விடையைப் பார்ப்பதற்கு முன்பு மாணவர் அதைத் தம் நினைவிலிருந்து எடுக்க முயன்றிருக்க வேண்டும்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று பல ஆண்டுகள் தம்மையே சோதித்துப் பார்த்தார். 1885-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. பிறகு அதன் வேகம் குறைகிறது. இன்னொன்று, முதல் நாள் ஒரே மூச்சில் 68 முறை திருப்பியதால் கிடைத்த பலன், மூன்று நாள்களுக்குப் பிரித்துத் திருப்பியபோது 38 முறையிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. உழைப்பு ஏறத்தாழப் பாதி, பலன் அதே.

இத்துடன் 2008-இல் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி மொழிச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல்லுக்குச் சரியான விடை சொன்ன பிறகும் அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்த குழுவினர், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதச் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். விடை சொன்ன சொல்லை மறுபடி கேட்காமல், பார்த்துப் படிக்க மட்டும் வைத்த குழுவினருக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சியது. பார்த்துப் படிப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு.

எந்தச் சொல்லை எந்த நாளில் மறுபடி கேட்க வேண்டும் என்ற கணக்கைச் செயலி நமக்காக வைத்துக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான சொற்களுக்கு அந்தக் கணக்கை ஒரு மனிதர் வைத்திருப்பது கடினம். ஆனால் கேட்டதும் யோசிப்பது மாணவரின் வேலை. ‘விடையைக் காட்டு’ பொத்தானை இரண்டாவது நொடியில் அழுத்துகிறவருக்கு, பாடநூலின் அருஞ்சொற்பொருள் பக்கத்தைப் புரட்டியதைவிடக் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது?

வகையைத் தேர்ந்தெடுங்கள், பெயர் பிறகு வரட்டும்.

அட்டைச் செயலிகள் ஒரு வகை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. ‘ஆன்கி’ இதில் முதன்மையானது. டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்றே பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம் உண்டு. பார்வைக்கு எளிமையானது, பழகச் சில நாள் பிடிக்கும், ஆனால் இடைவெளிக் கணக்கில் நான் நம்பிப் பரிந்துரைப்பது இதைத்தான். ‘குவிஸ்லெட்’ இன்னும் எளிது. பிரெஞ்சுச் சொற்களை மனப்பாடம் செய்வதற்காக ஆண்ட்ரூ சதர்லேண்ட் என்ற 15 வயதுப் பள்ளி மாணவர் 2005-இல் உருவாக்கியது அது.

விளையாட்டு வடிவப் பாடச் செயலிகள் இன்னொரு வகை. ‘டுவோலிங்கோ’ பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தயக்கத்தைப் போக்கும். ஆனால் எந்தச் சொல்லைக் கற்பது என்பதை அங்கே செயலி முடிவு செய்கிறது. நாளைய பாடத்தில் வரும் சொல் அதில் வராது.

அகராதிச் செயலி மூன்றாவது. மற்ற இரண்டும் இல்லாவிட்டாலும் இது கட்டாயம் வேண்டும். உச்சரிப்பை ஒலியாகத் தருவதாகவும், எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ளதாகவும் பார்த்து எடுங்கள்.

நாளுக்கு எத்தனை புதிய சொற்கள்?

எட்டு. அதிகம் போனால் பத்து.

முதல் வாரத்தில் எல்லோரும் முப்பது, நாற்பது என்று போட்டுக்கொள்கிறார்கள். அந்த வாரத்தில் எந்தத் துன்பமும் தெரியாது. மூன்றாவது வாரத்தில்தான் சுமை வந்து இறங்கும். ஏனென்றால் புதிய சொல் ஒவ்வொன்றும் பின்னால் திருப்புதல்களை இழுத்துக்கொண்டு வருகிறது. நாளொன்றுக்குப் புதிய அட்டைகள் 20, திருப்புதல்கள் 200 என்ற வரம்போடுதான் ஆன்கி செயலி வருகிறது. ஒன்றுக்குப் பத்து என்ற அந்த விகிதத்தை மனத்தில் வையுங்கள். எட்டுப் புதிய சொற்கள் என்றால் ஏறத்தாழ 80 திருப்புதல்கள். கால் மணி நேரத்தில் முடியும்.

எட்டு குறைவாகத் தோன்றலாம். வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 2500 சொற்கள். அது எவ்வளவு பெரிய எண் என்பது அடுத்த விடையில் தெரியும்.

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கான சொற்கள். எதிலிருந்து தொடங்குவது?

கடினமான சொற்களிலிருந்து தொடங்காதீர்கள். ஆசிரியர்களாகிய நாங்களே செய்யும் பிழை இது. அரிய சொல்லைக் கற்பிப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமையால் மாணவருக்குப் பயன் இல்லை.

எந்த மொழியிலும் சில சொற்கள் ஓயாமல் உழைக்கின்றன, மற்றவை எப்போதாவது எட்டிப் பார்க்கின்றன. ஓயாமல் உழைப்பவற்றைப் பட்டியலிடும் முயற்சி பழையது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலை 1953-இல் வெளியிட்டார். 2013-இல் அதன் புதிய வடிவம் வந்தது; அதில் ஏறத்தாழ 2800 சொற்கள். அவற்றை அறிந்தவருக்குப் பொதுவான ஆங்கில உரைநடையில் பத்தில் ஒன்பது சொற்கள் தெரிந்தவையாக இருக்கும். நாளுக்கு எட்டு என்று சென்றால் ஓராண்டில் இந்தப் பட்டியலின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

பத்தில் ஒன்பது தெரிந்தால் போதுமா? போதாது. பத்துச் சொல் வாக்கியத்தில் ஒன்று தெரியாமல் நிற்கும். பல நேரம் அந்த ஒன்றில்தான் செய்தி இருக்கும். அகராதி இல்லாமல் நாவலும் செய்தித்தாளும் வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து கிளைத்தவற்றையும் சேர்த்து ஒரு குடும்பமாக எண்ணுவார்கள்: டிசைட், டிசிஷன், டிசைசிவ் மூன்றும் ஒரே குடும்பம். அத்தனையையும் அட்டையில் கற்க முடியாது, கற்கவும் வேண்டாம். முதல் இரண்டாயிரம், மூவாயிரத்தை அட்டையில் பிடித்துவிட்டால் எளிய புத்தகங்கள் திறக்கும். எஞ்சியவை வாசிப்பின் வழியே வந்து சேரும்.

கல்லூரிக்குச் செல்லப்போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் பட்டியல் உண்டு. ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 குடும்பங்கள் உள்ளன. அறிவியல், வணிகம், சட்டம் என்று எந்தத் துறை நூலைத் திறந்தாலும் இவை வரும். பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கும் பிள்ளைகளுக்கு இதை நான் வற்புறுத்துகிறேன்.

அட்டையில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது தொடக்கம் மட்டுமே. சொல் தனியாக வாழ்வதில்லை. அதற்கு உற்ற துணைகள் உண்டு. அந்தத் துணையோடு சேர்த்து அட்டையில் ஏற்றாவிட்டால், மாணவர் தமிழ்த் துணையைக் கொண்டுவந்து ஆங்கிலச் சொல்லின் பக்கத்தில் நிறுத்திவிடுவார்.

தமிழில் ‘தவறு செய்தேன்’ என்கிறோம். அதனால் ‘டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘மேட் எ மிஸ்டேக்’. தமிழில் மழை பலமாகப் பெய்கிறது. அதனால் ‘ஸ்ட்ராங் ரெயின்’. ஆங்கிலத்தில் மழை கனமானது, ‘ஹெவி ரெயின்’. ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம். அதனால் ‘டிஸ்கஸ் அபவுட்’. ஆங்கிலத்தில் அந்த ‘அபவுட்’ வராது. இந்த மூன்று பிழைகளையும் நான் திருத்தாத வாரம் இல்லை. இவற்றை எழுதுகிற பிள்ளைக்கு ‘மிஸ்டேக்’, ‘ரெயின்’, ‘டிஸ்கஸ்’ ஆகியவற்றின் பொருள் நன்றாகவே தெரியும். பொருள் தெரிந்தும் பயன்படுத்தத் தெரியவில்லை என்பதுதான் துயரம்.

ஆகவே கோடிட்ட இடம் வைத்து அட்டை எழுதுங்கள். முன்பக்கத்தில் முழு ஆங்கில வாக்கியம், கற்க வேண்டிய சொல் இருக்கும் இடத்தில் கோடு, கோட்டின் பக்கத்தில் தமிழ்க் குறிப்பு. பின்பக்கத்தில் சொல்லும் அதன் ஒலிப்பதிவும். வாக்கியம் மாணவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. ‘ரிலக்டண்ட்’ என்ற சொல்லுக்கு அகராதி வாக்கியத்தைப் படியெடுத்த மாணவி அதை மறந்துவிட்டாள். தன் தம்பி பல் மருத்துவரிடம் போகத் தயங்கியதை எழுதிய மாணவிக்கு அது இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு சொல்லுக்கு இரண்டு திசையிலும் அட்டை வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ்ப் பொருள் சொல்வது வாசிப்புக்கு உதவும். தமிழைப் பார்த்து ஆங்கிலச் சொல்லை எடுப்பது பேச்சுக்கும் எழுத்துக்கும் உதவும். இரண்டாவது கடினம், அதனாலேயே பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்ப் பொருள் எழுதலாமா, ஆங்கில விளக்கம்தான் இருக்க வேண்டுமா?

தமிழ்ப் பொருள் எழுதுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். ‘பிடிவாதம்’ என்ற ஒரு சொல் ‘ஸ்டபர்ன்’ என்பதை ஒரே நொடியில் விளக்கிவிடும்போது, மூன்று வரி ஆங்கில விளக்கத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? தாய்மொழி கற்பவரின் முதல் செல்வம்.

ஆனால் சில இடங்களில் தமிழ் ஒரு சொல்லை வைத்திருக்கும், ஆங்கிலம் மூன்றை வைத்திருக்கும். ‘பார்’ என்று நாம் சொல்வது, இடத்தைப் பொறுத்து ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என்று பிரியும். கண்ணில் படுவது ஒன்று, கண்ணைத் திருப்பிப் பார்ப்பது ஒன்று, நடப்பதைக் கவனித்துக்கொண்டிருப்பது ஒன்று. மூன்று அட்டையிலும் ‘பார்’ என்று எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். மறுபுறம், அண்ணனும் தம்பியும் ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். இப்படிப்பட்ட சொற்களுக்கு வாக்கியம்தான் துணை. கொஞ்சம் தேறியதும் கற்பவருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதிக்கு மாறுங்கள். 1978-இல் வந்த லாங்மன் அகராதி, எல்லா விளக்கங்களையும் ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதிக் காட்டியது. இன்றைய அகராதிச் செயலிகள் பலவும் அந்த வழியில் வந்தவையே.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பை, முதுகு, பொதி கட்டுதல், ரொட்டி சுடுதல் ஆகிய நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதுங்கள். நான்கும் ‘பேக்’ என்றே வரும்! நான்கும் வெவ்வேறு ஒலி, வெவ்வேறு பொருள். இது தமிழ் எழுத்தின் குறை அன்று. தமிழ் ஒலிகளுக்காகப் பிறந்த எழுத்து அது. அட்டையில் அப்படி எழுதியவர், கேட்கும்போது வேறுபாட்டைத் தவறவிடுகிறார், பேசும்போது கேட்பவரைக் குழப்புகிறார்.

இன்னொன்று அழுத்தம். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம் விழும். வினைச்சொல்லானால் இரண்டாம் அசைக்கு மாறும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம், அதை எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசைக்குத் தாவிவிடுகிறது. எந்த எழுத்தில் எழுதினாலும் இது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அச்சு அகராதியால் தர முடியாததை இங்கே செயலி தருகிறது: ஒலிப் பொத்தானை அழுத்துங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், மறுபடி கேளுங்கள். வீட்டில் பிள்ளை சத்தமாகச் சொன்னால் தடுக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் தாளையும் பேனாவையும் எடுக்கச் சொல்வேன். கைபேசியின் தட்டச்சுப் பலகை பாதிச் சொல்லிலேயே மீதியை நிரப்பிவிடுகிறது. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காமல் நிற்கும் ‘கே’ என்ற எழுத்தைத் தேர்வுத் தாளில் யாரும் நிரப்பித் தரமாட்டார்கள்.

தமிழில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்கள் உதவுமா?

மிகவும் உதவும். ‘எனக்கு ஆங்கிலமே தெரியாது’ என்று சொல்லும் மாணவரிடம், நாள் முழுதும் தாம் பேசுவதில் உள்ள ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் சொல்லுங்கள். டிக்கெட், பஸ், லீவு, பென்சில் என்று நூற்றைத் தாண்டும். முதல் வாரத் தொகுப்பை அதிலிருந்தே செய்யலாம். எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும் மட்டும் புதிது.

சில சொற்கள் இங்கே வந்து பொருள் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நமக்கு ‘ஹோட்டல்’ என்றால் பெரும்பாலும் சாப்பிடும் இடம். ஆங்கிலத்தில் தங்கும் இடம். நமக்கு ‘கரண்ட்’ மின்சாரம். ஆங்கிலத்தில் அது ஆற்றின் நீரோட்டமாகவும் ‘தற்போதைய’ என்ற அடைமொழியாகவும் வரும்.

மகள் 200 நாளாக விடாமல் செய்கிறாள், ஆனால் ஒரு வாக்கியம் பேச வரவில்லையே?

அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். 200 நாள் விடாமல் ஒன்றைச் செய்வது எளிதன்று. அந்த ஒழுங்கு உண்மையானது. அவள் செய்யும் பயிற்சியின் வகையைப் பாருங்கள். பெரும்பாலும் பலவுள் தெரிவும் பொருத்துகவுமாக இருக்கும். நான்கு விடைகளில் சரியானதை அடையாளம் காண்பதற்கு அரைகுறை நினைவே போதும். பேசும்போது நான்கு விடைகளை யாரும் முன்னால் வைப்பதில்லை. வெறும் மனத்திலிருந்து சொல் எழுந்து வர வேண்டும்.

செயலியில் தட்டச்சு செய்து விடை தரும் முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். பயிற்சி முடிந்ததும் அன்றைய சொற்களில் மூன்றை வைத்து உங்களிடம் மூன்று வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கேளுங்கள், தமிழில் பொருளைக் கேட்டு வாங்குங்கள். நாள் கணக்கு ஒருமுறை அறுந்துபோனால் அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைச் செயலி வைத்திருப்பது மறுநாள் திரும்பி வரவைப்பதற்காக. கற்றதை அது அளப்பதில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

நிறங்கள், கிழமைகள், எதிர்ச்சொற்கள் என்று தொகுதியாகக் கற்பது நல்லதுதானே?

அப்படித்தான் நானும் நம்பிக் கற்பித்தேன். ஆனால் பொருளால் நெருங்கிய புதிய சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. ‘லெஃப்ட்’, ‘ரைட்’ இரண்டையும் ஒரே நாளில் கற்ற குழந்தை, இரண்டும் தெரிந்த பிறகும் எது எது என்று தடுமாறும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைச் சேர்த்தால் அந்தத் தடுமாற்றம் இல்லை. தொகுதிகள் திருப்புதலுக்கு ஏற்றவை. முதல் அறிமுகத்துக்கு அல்ல.

மற்றவர்கள் செய்துவைத்த தொகுப்பை இறக்கிக்கொள்ளலாமா?

அடிப்படைச் சொற்பட்டியலுக்கு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பிழைகள் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடநூல் சொற்களுக்கு மாணவரே எழுதட்டும். அட்டை எழுதும் ஐந்து நிமிடமும் கற்றல்தான்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள்?

மாணவர் எழுதிய வாக்கியத்தைத் திருத்தித் தரச் சொல்வதற்கு நல்லவை. சொற்பொருளுக்கு அகராதியையே நம்புங்கள். இவை தவறையும் தயங்காமல் சொல்லும். வாக்கியத்தையே எழுதித் தரச் சொல்லும் பழக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கைபேசி கொடுத்தால் கவனம் வேறெங்கோ போகிறது. என்ன செய்வது?

நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள்: தினமும் ஒரே நேரம், கால் மணி, பெரியவர் இருக்கும் அறை. தேவையான தொகுப்பை முன்பே இறக்கிவிட்டு இணையத்தை அணைத்துவிடுங்கள். ஆன்கி போன்றவை இணையம் இல்லாமலே இயங்கும். மற்றச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கணக்கைப் பெற்றோரே திறக்க வேண்டும், உண்மையான புகைப்படமும் பள்ளியின் பெயரும் அதில் வேண்டாம்.

வீட்டில் ஒரே கைபேசிதான். அல்லது அதுவும் இல்லை.

அப்படியானால் ஐந்து தடுப்புகள் கொண்ட ஒரு பெட்டி போதும். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய முறை இது. இன்றைய அட்டைச் செயலிகளுக்கு இதுவே முன்னோடி. எல்லா அட்டைகளும் முதல் தடுப்பில் தொடங்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தவறினால், எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். முதல் தடுப்பை நாள்தோறும் எடுங்கள், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, பின்னவற்றை இன்னும் தள்ளி. ஒலி ஒன்றுதான் இதில் கிடைக்காது. வாரம் ஒருமுறை கைபேசி கிடைக்கும்போது அந்த வாரச் சொற்களின் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ளலாம்.

வகுப்பில் ஆசிரியர் எப்படித் தொடங்கலாம்?

ஒரு பாடம், இருபது சொற்கள், மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஆளுக்கொரு அட்டை. நீங்கள் திருத்திய பிறகு அது வகுப்பின் பொதுத் தொகுப்பாகட்டும். கைபேசி இல்லாத பிள்ளை ஒதுங்கி நிற்க நேரக் கூடாது. ஆசிரியரின் ஒரே கைபேசியில் அட்டையைக் காட்டி வகுப்பே எழுதி விடை சொல்லலாம். செயலியில் சேரும் புள்ளிகளை மதிப்பெண்ணாக்காதீர்கள், தங்கைக்குப் பதில் அண்ணன் விளையாடத் தொடங்கிவிடுவான். போன மாதச் சொற்களை இந்த மாதப் பேச்சில் நீங்களே பயன்படுத்துங்கள். தாம் அட்டையில் எழுதிய சொல் ஆசிரியரின் வாயிலிருந்து வரும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பாருங்கள்.

தேர்வு, காய்ச்சல் என்று இரண்டு வாரம் விட்டுப்போயிற்று. 600 அட்டைகள் குவிந்துகிடக்கின்றன. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?

அழிக்க வேண்டாம். பெரும்பாலானோர் செயலியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் பொறுங்கள். புதிய சொற்களின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். திருப்புதல் வரம்பை நாளுக்கு 80 என்று வையுங்கள், எஞ்சியவை காத்திருக்கட்டும். பாதிச் சொற்கள் மறந்துபோனதாகத் தோன்றும், ஆனால் ஒருமுறை கற்றதை மறுபடி கற்க முதல் முறை ஆன நேரம் ஆகாது. எபிங்ஹாஸ் அளந்ததும் அந்தச் சேமிப்பைத்தான். நாள்தோறும் திருப்புதலுக்கு வந்து சேரும் பழைய அட்டைகளையும் கணக்கில் எடுத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் குவியல் கரையும். அதன் பிறகு நாளுக்கு நான்கு புதிய சொற்கள் என்று தொடங்கி, ஒரு வாரம் கழித்து எட்டுக்கு வாருங்கள்.